ஹுங் குடும்பத்தின் 36 சத்தியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆர்மீனியன் தெரு என்று ஒரு சின்னத் தெரு இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அங்குள்ள சுவரோவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அதே தெருவில் இருக்கும் துவா பெக் கோங் கோயில் ஒரு காலத்தில் சீன ரகசியச் சங்கம் ஒன்றின் தலைமையிடம். கொஞ்சம் தள்ளி 120-ஆம் எண் வீட்டில் இருந்துதான் 1910-இல் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென் சீனப் புரட்சிக்குத் திட்டம் போட்டார். கூப்பிடு தூரத்தில் நம் தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல்.

இந்த ஊரிலேயே வளர்ந்ததால் சீன ரகசியச் சங்கங்களைப் பற்றிப் பல வருடங்களாகப் படித்துவருகிறேன். டியூஷனுக்கு வரும் பையன்கள், அவர்களுடைய அப்பா அம்மா, கதை எழுதும் நண்பர்கள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். பெரும்பாலான கேள்விகள் அந்தச் சங்கங்களின் நடத்தை விதிகளைப் பற்றியவை, அதாவது 36 சத்தியங்களைப் பற்றியவை.

ஹுங் குடும்பம், ட்ரையட், வானம்-பூமி சங்கம்: எல்லாம் ஒன்றுதானா?

வேர் ஒன்றுதான். 'வானம்-பூமி சங்கம்' என்பது பழைய பெயர், சீனத்தில் தியென் தி ஹுய். உறுப்பினர்கள் தங்களைச் சங்கம் என்று சொல்லிக்கொள்வதைவிடக் குடும்பம் என்று சொல்லிக்கொள்வதையே விரும்பினார்கள். அதனால் ஹுங் குடும்பம், ஹுங் வாசல் என்ற பெயர்கள் வந்தன. மிங் வம்சத்தை நிறுவிய பேரரசரின் ஆட்சிப் பெயரான ஹுங்-வூவில் வரும் அதே எழுத்துத்தான் இந்த ஹுங். வானம், பூமி, மனிதன் ஆகிய மூன்றும் சேர்ந்தது என்ற பொருளில் இன்னொரு பெயரும் உண்டு. அந்த 'மூன்று' என்பதைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலேயர்கள் வைத்த பெயர் ட்ரையட்.

பின்னாளில் இதிலிருந்து நூற்றுக்கணக்கான கிளைகள் பிரிந்தன. அவற்றுக்கு ஒரே தலைமை எப்போதும் இருந்ததில்லை. ஆனால் கிளை எதுவானாலும் புதிதாகச் சேருகிறவன் சொன்ன சத்தியம் ஏறக்குறைய ஒன்றேதான்.

ஷாவோலின் துறவிகள்தான் இதைத் தொடங்கினார்களாமே?

சங்கத்துக்குள் சொல்லப்படும் கதை அது. மிங் வம்சத்துக்கு அடுத்து ஆண்ட சிங் வம்சத்தின் காங்ஷி பேரரசர் காலத்தில் மேற்கு எல்லையில் படையெடுத்து வந்தவர்களை ஷாவோலின் மடத்துத் துறவிகள் 128 பேர் விரட்டியடிக்கிறார்கள். பரிசு எதுவும் வேண்டாம் என்று மடத்துக்குத் திரும்புகிறார்கள். அரசவையில் யாரோ கோள் சொல்ல, அதே பேரரசர் மடத்துக்குத் தீ வைக்கிறார். தப்பிப் பிழைத்தவர்கள் 5 பேர், அவர்களே 'ஐந்து மூதாதையர்'. தண்ணீரில் மிதந்து வந்த ஒரு தூபக்கலத்தில் 'சிங்கைக் கவிழ்த்து மிங்கை மீட்டு வை' என்று எழுதியிருந்ததாகவும், அதன் முன்னால் அவர்கள் இரத்த சத்தியம் செய்ததாகவும் கதை போகும்.

கதை அழகாக இருக்கிறது, ஆனால் ஆவணங்கள் வேறு மாதிரி சொல்கின்றன. சிங் அரசின் ஆவணங்களை ஆராய்ந்தவர்களில் பலர், 1761 அல்லது 1762-இல் ஃபூஜியன் மாகாணத்து ஜாங்பூ வட்டாரத்தில், குவான்யின் கோயில் ஒன்றில் டி ஷி என்ற துறவி தொடங்கியது என்கிறார்கள். தைவானில் 1786-இல் லின் ஷுவாங்வென் என்பவர் நடத்திய கலகத்துக்கு அப்புறம்தான் இப்படி ஒரு சங்கம் இருப்பதே அரசவைக்குத் தெரியவந்தது. அதற்குள் ஏறக்குறைய 25 வருடம் ஓடிவிட்டது.

வம்சத்தைக் கவிழ்க்கவா சாதாரண ஆட்கள் இதில் சேர்ந்தார்கள்?

இந்த இடத்தில்தான் யான் யான் என்ற துணி வியாபாரியின் வாக்குமூலம் எனக்கு எப்போதும் நினைவுக்கு வரும். சங்கத்தைச் சீனாவிலிருந்து தைவானுக்குக் கொண்டுபோனவர் இவர். கலகம் அடக்கப்பட்ட பிறகு பிடிபட்டார். ஜனங்கள் எதற்காக இதில் சேருகிறார்கள் என்று விசாரணையில் கேட்டபோது அவர் சொன்ன காரணங்கள் இவை. வீட்டில் கல்யாணமோ சாவோ வந்தால் பண உதவி கிடைக்கும். யாராவது அடிக்க வந்தால் கூட நிற்க ஆள் வரும். வழியில் கொள்ளையர் மறித்தாலும் ரகசிய அடையாளத்தைக் காட்டினால் விட்டுவிடுவார்கள். புது ஆளைச் சேர்த்துவிட்டால் கையில் கொஞ்சம் காசும் வரும்.

அவ்வளவுதான். மிங் வம்சம் பற்றிப் பேச்சே இல்லை. கல்யாணம், கருமாதி, அடிதடி, வழிப்பயணம், கொஞ்சம் காசு, இவைதான் காரணம். ஃபூஜியனில் நிலம் போதாமல் ஆண்கள் கூட்டம் கூட்டமாகத் தைவானுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் கிளம்பிய காலம் அது. ஊரில் இருந்தால் பங்காளிகள் வந்து நிற்பார்கள். கடல் கடந்தவனுக்குச் செத்தால் தூக்கிப்போடக்கூட ஆள் கிடையாது. அந்த இடத்தைத்தான் சங்கம் நிரப்பியது. இதைப் புரிந்துகொள்ளாமல் 36 சத்தியங்களைப் படித்தால் அவை வெறும் கொள்ளைக் கூட்டத்துச் சட்டமாகத்தான் தெரியும்.

சரி, அந்த 36 சத்தியங்களில் என்னதான் இருக்கிறது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இதற்கு ஒரே மூலப் பிரதி கிடையாது. கைக்குக் கை எழுதி, வாய்க்கு வாய் சொல்லி வந்தது. சுமத்ராவின் படாங் ஊரில் ஒரு சீனர் வீட்டில் 1863-இல் சிக்கிய சங்கத் தாள்களை டச்சு அரசின் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் 1866-இல் வெளியிட்டார். ஹாங்காங் போலீசிடம் சிக்கிய வடிவம் வேறு. நான் இங்கே சொல்லும் வரிசை ஹாங்காங்கில் 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் புழங்கிய வடிவத்தை ஒட்டியது.

முதல் சத்தியம், ஹுங் வாசலுக்குள் வந்த பிறகு சகோதரனின் தாய் தந்தையை என் தாய் தந்தையாக நடத்துவேன் என்பது. இரண்டாவது, அவன் வீட்டுச் சாவுக்குப் பணத்தாலோ உடலுழைப்பாலோ உதவுவேன், கேள்விப்படாததுபோல் இருந்துவிட மாட்டேன் என்கிறது. வீடு தேடி வந்தால் சோறும் படுக்க இடமும் கொடுப்பேன் என்பது மூன்றாவது. ஏழாவது, கஷ்டத்தில் இருப்பவனுக்கு வழிச்செலவுக்குக் காசு கொடுக்கச் சொல்கிறது. என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போன மனைவி மக்களைப் பார்த்துக்கொள்வேன் என்பது பதினொன்றாவது. சகோதரன் செத்தாலோ, சிறைக்குப் போனாலோ, வேறு ஊருக்குப் போய்விட்டாலோ அவன் குடும்பத்துக்கு உதவுவேன் என்பது பத்தொன்பதாவது.

யான் யான் சொன்ன காரணங்களை இவற்றோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அப்படியே பொருந்தும்.

அப்புறம் உள்விவகாரங்கள். பழைய பகையை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். சகோதரனைப் பற்றிப் பொய் சொல்லிக் கோள் மூட்டக் கூடாது. வெளியாளோடு சேர்ந்து சூதாட்டத்தில் அவனை ஏமாற்றக் கூடாது. தானாகவே தன்னைக் குருவாக அறிவித்துக்கொள்ளக் கூடாது, பதவி உயர்வுக்கு மூன்று வருடமாவது விசுவாசமாக இருந்திருக்க வேண்டும். இருபதாவது சத்தியம் கொஞ்சம் நியாயமாகவே பேசுகிறது. சகோதரனுக்கு வெளியில் தகராறு வந்தால், அவன் பக்கம் நியாயம் இருந்தால் துணைக்குப் போ, இல்லையென்றால் விட்டுவிடும்படி அவனுக்குப் புத்தி சொல் என்கிறது.

இருபத்தைந்தாவதை நான் பல தடவை திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். கூடப் பிறந்த அண்ணனுக்கும் சத்தியம் செய்த அண்ணனுக்கும் வழக்கு வந்தால் என்ன செய்வது? இரண்டு பேருக்கும் துணை போகாதே, சமாதானம் செய்து வை என்கிறது. இரத்த உறவை வெட்டிக்கொண்டு வா என்று கேட்க அந்தக் காலத்துச் சங்கத்துக்குத் துணிச்சல் இல்லை. குடும்பத்தை மதிக்கும் ஆட்களைத்தான் அது நம்பியிருந்தது.

இனி இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஐந்தாவது சத்தியம், சங்கத்து ரகசியத்தைப் பெற்றவர்களிடமும் மனைவியிடமும்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறது. பதினெட்டாவது, பிடிபட்டால் தண்டனையை நானே ஏற்பேன், சகோதரர்கள் மேல் பழி போட மாட்டேன் என்கிறது. அரசாங்கம் ஒருவனைத் தேடுவது தெரிந்தால் அவன் தப்பிக்கத் தகவல் கொடுப்பேன் என்பது இருபத்தொன்றாவது. எவ்வளவு பெரிய குற்றம் செய்திருந்தாலும் வெகுமதிக்காக அவனைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்பது முப்பத்து மூன்றாவது.

பதினேழாவதை நிதானமாகப் படிக்க வேண்டும். கொள்ளையடிக்கும்போது தவறுதலாகச் சகோதரன் ஒருவனின் பொருள் கைக்கு வந்துவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விதி. கொள்ளையடிக்கலாமா என்ற கேள்வி எழவே இல்லை. முப்பத்தாறில் எந்தச் சத்தியமும் "திருடாதே" என்று சொல்வதில்லை, "சகோதரனிடம் திருடாதே" என்றுதான் சொல்கிறது. ஊரான் வீட்டுப் பொருளைப் பற்றி விதிகளுக்குக் கவலை இல்லை.

வெளியாளுக்காக எழுதியது என்று எனக்குக் கண்ணில் படுவது முப்பத்தொன்றாவது மட்டும்தான். சங்கத்தின் பலத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கொடுமைப்படுத்த மாட்டேன், அநியாயமாக மிரட்ட மாட்டேன் என்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். கடைசிச் சத்தியம்தான் சிங்கைக் கவிழ்த்து மிங்கை மீட்பது, ஐந்து மூதாதையருக்காகப் பழிவாங்குவது.

சத்தியத்தை மீறினால் என்ன தண்டனை?

ஒவ்வொரு சத்தியத்தின் முடிவிலும் தண்டனையும் சேர்ந்தே வரும். 'ஐந்து இடி விழுந்து சாவேன்' அல்லது 'பத்தாயிரம் வாள்கள் வெட்டிச் சாவேன்' என்பதுதான் வாய்பாடு. நம் ஊரில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வதற்கும் 'தலையில் இடி விழ' என்று சபிப்பதற்கும் பின்னால் இருக்கும் அதே நம்பிக்கைதான். கோர்ட்டுக்குப் போக முடியாத ஒப்பந்தத்துக்கு வானம்தான் சாட்சி.

ஆனால் எல்லாவற்றையும் வானத்திடம் விட்டுவிடவில்லை. காதை அறுப்பது, 36, 72, 108 என்று கணக்கு வைத்துத் தடியால் அடிப்பது போன்ற தண்டனைகளும் பழைய விதித் தாள்களில் இருக்கின்றன. துரோகம் என்றால் கொலைதான்.

சேரும் சடங்கு எப்படி நடந்தது?

முழுச் சடங்கு ஒரு நாடகம் மாதிரி. நடக்கும் இடத்துக்கு 'வில்லோ மர நகரம்' என்று பெயர். பீடத்தின் மேல் அரிசி நிரப்பிய மரக்கால் ஒன்று. அரிசியில் முக்கோணக் கொடிகள் குத்தியிருக்கும். கூடவே வாள், அளவுகோல், தராசு, கத்தரிக்கோல், கண்ணாடி. நடத்தையை அளக்க அளவுகோல், உண்மையா பொய்யா என்று காட்டக் கண்ணாடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் சொல்வார்கள். ஹாங்காங் போலீஸ் அருங்காட்சியகத்தில் நான் போனபோது இந்தச் சங்கங்களுக்கென்றே ஒரு பகுதி இருந்தது. ஒரு மளிகைக் கடையில் கிடைக்கும் சாமான்களை வைத்து இவ்வளவு பயத்தை உண்டாக்கினார்களே என்று அதைப் பார்த்தபோது தோன்றியது.

புதியவன் பின்னலை அவிழ்த்துவிட்டு வருவான். தலைமுடியைப் பின்ன வேண்டும் என்பது சிங் அரசின் கட்டளை. அவிழ்த்தால் அது ராஜதுரோகம். அதாவது சத்தியம் செய்யும் முன்னாலேயே அவனுடைய கழுத்து கத்திக்குக் கீழே வந்துவிட்டது. அப்புறம் குறுக்காகப் பிடித்த வாள்களின் கீழே குனிந்து போவான். "வாள் கெட்டியா, உன் கழுத்து கெட்டியா?" என்று கேட்பார்கள். "என் கழுத்துத்தான் கெட்டி" என்று சொல்ல வேண்டும். ரகசியத்தைக் காக்கும் கழுத்தை வாளாலும் ஒன்றும் செய்ய முடியாது என்பது கருத்து. "எங்கிருந்து வருகிறாய்?" என்று கேட்டால் "கிழக்கிலிருந்து" என்பது பதில். இப்படிக் கேள்வியும் பதிலுமாகவே சடங்கில் பெரும்பகுதி போகும்.

கடைசியில் மஞ்சள் தாளில் எழுதிய சத்தியங்களை எரித்து, அந்தச் சாம்பலை மதுவில் கலப்பார்கள். சேவலின் தலையை வெட்டி அந்த இரத்தத்தையும், விரலைக் குத்தி எடுத்த இரத்தத்தையும் சேர்த்து எல்லோரும் ஒரு வாய் குடிப்பார்கள். சத்தியம் எழுதிய தாள் இப்போது வயிற்றுக்குள் போய்விட்டது.

இவ்வளவு விரிவாக இப்போது நடப்பதில்லை. 'நீல விளக்கு தொங்கவிடுவது' என்ற சுருக்கமான முறைதான் ஹாங்காங்கில் பரவலாக இருக்கிறது. ஒரு 'தாய் லோ', அதாவது பெரிய அண்ணன், ஏற்றுக்கொண்டு சிவப்பு உறையில் காசு வாங்கிக்கொண்டால் வேலை முடிந்தது.

489, 426, 49 என்றெல்லாம் எண் சொல்கிறார்களே?

பதவிகளைக் குறிக்கும் எண்கள். 489 சங்கத்துக்கே தலைவனான மலைத் தலைவன், 438 சடங்கு நடத்தும் தூப குருவும் அவருக்கு இணையானவர்களும், 426 சண்டைக்குப் போகும் சிவப்புத் தடி, 415 கணக்கும் ஆலோசனையும் பார்க்கும் வெள்ளைக் காகித விசிறி, 432 தூது போகும் வைக்கோல் செருப்பு. சாதாரண உறுப்பினன் 49. நான்கையும் ஒன்பதையும் பெருக்கினால் 36 வரும், அவன் சொன்ன சத்தியங்களின் எண்ணிக்கை. 426-இல் வரும் 26-ஐ நான்கால் பெருக்கி நான்கைக் கூட்டினால் 108, சீனக் கதைகளில் வரும் லியாங்ஷான் வீரர்களின் எண்ணிக்கை. ஹுங் என்ற எழுத்தையே 3, 8, 21 என்று பிரித்து அடையாளச் சொல்லாக வைத்திருந்தார்கள். ஹாங்காங்கில் 25 என்றால் காட்டிக்கொடுப்பவன், இன்றைக்கும் அங்கே சாதாரணப் பேச்சில் புழங்கும் வசவு அது.

பெண்களைப் பற்றிச் சத்தியங்கள் என்ன சொல்கின்றன?

சத்தியங்களில் பெண் என்றால் சகோதரனின் மனைவி, அக்கா தங்கை, மகள், அவ்வளவுதான். அவர்களிடம் தப்பாக நடக்காதே என்பது விதி. யாருக்கும் மனைவியாகவோ மகளாகவோ இல்லாத பெண்ணுக்கு விதியில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. பணத்துக்காகப் பெண்களை விற்கும் தொழிலில் இதே சங்கங்கள் இறங்கியபோது, சத்தியம் எதுவும் குறுக்கே வரவில்லை.

போலீசும் இவர்களும் ஒரே சாமியைக் கும்பிடுகிறார்களாமே?

உண்மைதான். குவான் யூ என்ற தளபதி, மூன்று அரசுகள் காலத்தவர். பீச் தோட்டத்தில் லியூ பெய், ஜாங் ஃபெய் என்ற இருவரோடு சகோதர சத்தியம் செய்தவர் என்று கதை. விசுவாசத்துக்கு அவர்தான் தெய்வம். ஹாங்காங் காவல் நிலையங்களிலும் அவர் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவார்கள்.

சுன் யாட்-சென்னும் உறுப்பினரா?

ஆமாம். 1904-இல் ஹொனலூலுவில் ஹுங் சங்கத்தில் சேர்ந்தார், சிவப்புத் தடி என்ற பதவியும் கிடைத்தது. வெளிநாட்டுச் சீனர்களிடம் பணமும் ஆளும் திரட்ட அது பெரிய உதவியாக இருந்தது. சிங் பேரரசு வீழ்ந்ததும் 1912 பிப்ரவரி 15 அன்று நான்ஜிங்கில் மிங் வம்சத்து முதல் பேரரசரின் சமாதிக்குப் போய் அந்தச் செய்தியை முறைப்படி அறிவித்தார். முப்பத்தாறாவது சத்தியத்தில் பாதி அன்றைக்கு நிறைவேறிவிட்டது. மிங் வம்சம் திரும்பி வரவில்லை, குடியரசு வந்தது.

அதோடு சங்கங்களைக் கலைத்துவிட்டிருக்கலாம். கலைக்கவில்லை. நோக்கம் போய்விட்டது, ரகசியமும் ஆள்பலமும் மட்டும் கையில் மிஞ்சின.

தமிழர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பினாங்கில் நேரடிச் சம்பந்தமே உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே கீ ஹின், துவா பெக் கோங் என்ற இரண்டு சீனச் சங்கங்கள் பரம எதிரிகள். மலாய்க்காரர்களும் இந்திய முஸ்லிம்களும் சேர்ந்த இரண்டு சங்கங்கள் அதே காலத்தில் இருந்தன, வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்று. இந்திய முஸ்லிம்கள் என்றால் பெரும்பாலும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் ஆட்கள்தான். வெள்ளைக்கொடி கீ ஹின்னோடு கைகோர்த்தது, சிவப்புக்கொடி துவா பெக் கோங்கோடு. 1867 ஆகஸ்ட்டில் வெடித்த கலவரம் பத்து நாளுக்கு ஊரைப் புரட்டிப்போட்டது. இனம் பார்த்து நடந்த சண்டை இல்லை அது. இரண்டு பக்கமும் சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் இருந்தார்கள்.

1868-இல் விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. மறுவருடமே சங்கங்கள் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. 1890-இலிருந்து, பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் ரகசியச் சங்கங்கள் முழுவதுமாகச் சட்டவிரோதமாயின.

இன்றைக்கும் நம் பையன்கள் எண் சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, அது இதுதானா?

வடிவம் அங்கிருந்து வந்ததுதான். மலேசியாவில் 04, 08, 21, 24, 36 என்று எண்ணால் அறியப்படும் குண்டர் கும்பல்கள் சீனச் சங்கங்களின் வழியில் வந்த முறை. தலைவனைத் 'தைக்கோ' என்கிறோமே, அது பெரிய அண்ணன் என்பதற்கான சீனச் சொல். 2013 ஆகஸ்ட்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. அவற்றில் 40,000-க்கு மேல் உறுப்பினர்கள், அதில் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றது. நாட்டு மக்கள்தொகையில் நாம் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. அந்தக் கணக்கைப் படித்த அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் இப்படி ஆனது? நம் ஆட்கள் வேலை பார்த்த தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்கள் வெளியேறின. கோயில், பள்ளிக்கூடம், லயத்து வீடு, கூப்பிட்டால் ஓடிவரும் சனம் எல்லாம் ஒரே நாளில் போயின. மலிவு விலை அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரன் யாரென்று தெரியாது. யான் யான் 18-ஆம் நூற்றாண்டில் சொன்ன அதே காரணங்கள்தான் அந்த மாடிப்படிகளில் நம் பையன்களுக்காகக் காத்திருந்தன.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், நடந்த ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் இரண்டு வருடம் கணக்குப் படித்த பையன், இருபது வயதில் வெட்டுப்பட்டுச் செத்துப்போனான். சவ ஊர்வலத்துக்கு மோட்டார் சைக்கிளில் இருநூறு பேராவது வந்திருப்பார்கள். ஒரே மாதிரி கறுப்புச் சட்டை, முதுகில் எண். கொடி, பட்டாசு, உறுமி மேளம். மாலை மட்டும் ஒரு லாரி. இரண்டாவது சத்தியம் அட்சரம் பிசகாமல் நிறைவேறியது என்று சொல்லலாம்.

பத்தொன்பதாவது சத்தியம், அதுதான் செத்தவன் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வது, அதற்கு யாரும் வரவில்லை. மூன்றாம் மாதம் அவன் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சார், தங்கச்சிக்குப் பரீட்சைக் கட்டணம் கட்டணும்" என்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பையில் பையனின் பழைய கணக்குப் புத்தகங்கள், தங்கச்சிக்கு ஆகுமா என்று கேட்கக் கொண்டுவந்திருந்தார். ஒரு புத்தகத்தின் பின்னட்டையில் அந்த எண்ணை அவன் பேனாவால் அழுத்தி அழுத்தி எழுதியிருந்தான். நான்காம் படிவத்துப் புத்தகம். என் வகுப்பில் உட்கார்ந்துகொண்டேதான் எழுதியிருக்கிறான், நான் பார்க்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? சத்தியத் தாளை வைத்திருப்பதே குற்றமா?

ஹாங்காங்கில் குற்றம்தான். பிரிட்டிஷ் ஆட்சி வந்த கொஞ்ச நாளிலேயே, 1845-இல், ட்ரையட்டுகளுக்கு எதிராகத் தனிச் சட்டம் போட்டார்கள். இப்போதுள்ள சங்கங்கள் சட்டப்படி உறுப்பினனாக இருப்பதும், 'நான் உறுப்பினன்' என்று வாயால் சொல்லிக்கொள்வதும், சங்கத்து ஆவணங்களை வைத்திருப்பதும் குற்றம். முதல் தடவை 3 வருடம் வரை சிறையும் 1 லட்சம் ஹாங்காங் டாலர் வரை அபராதமும், மறுபடி செய்தால் 7 வருடம் வரை. நிர்வாகியாக இருந்தால் 15 வருடம் வரை போகும். பெயரைச் சொல்லி மிரட்டுவதுதான் இவர்களுடைய முதலீடு என்பதால் பெயரையே சட்டம் பிடித்துக்கொண்டது.

ஆராய்ச்சிக்காகப் படிப்பதில் தவறில்லை. நான் படித்தவை எல்லாம் அச்சில் வந்தவை, நூலகத்தில் கிடைப்பவை.

இன்றைய ட்ரையட்டுகள் இந்த விதிகளின்படி நடக்கிறார்களா?

இல்லை. முப்பத்தொன்றாவது சத்தியத்தை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? மற்றவர்களை மிரட்டாதே என்பது. மாமூல் வசூல்தான் இந்தச் சங்கங்களின் அன்றாடச் சாப்பாடு. நடைபாதைக் கடைகள், மினிபஸ் வழித்தடங்கள், புதுக் குடியிருப்புகளில் வீட்டுக்குள் மராமத்து வேலை என்று எதையும் விடவில்லை. ஹாங்காங் சினிமாத் துறையில் மிரட்டல் எல்லை மீறிப்போய், 1992 ஜனவரியில் நடிகர்களும் தொழிலாளர்களும் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். சகோதரனின் எல்லைக்குள் நுழையாதே என்று இருபத்தேழாவது சத்தியம் சொல்கிறது. ஒரே சங்கத்தின் இரண்டு குழுக்கள் ஒரே தெருவுக்காக வெட்டிக்கொள்வது அங்கே செய்தியே இல்லை.

ஆனால் ரகசியம் காக்கும் சத்தியங்களை மட்டும் இன்னும் கறாராகக் கேட்கிறார்கள். பெரிய அண்ணன்களுக்கு எது உதவுமோ அது நிலைத்தது, சின்னவனுக்கு எது உதவுமோ அது போய்விட்டது. புதிதாகச் சேரும் பையனிடம் இதை யாரும் சொல்வதில்லை.

கதை எழுதுகிறேன். கற்பனையாக ஒரு சீனச் சங்கத்துக்கு நடத்தை விதிகள் எழுத வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தக் கேள்வி வந்தால் எனக்குச் சந்தோஷம். பெரும்பாலும் டிராகன், வாள், இரத்தம் என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

பசியிலிருந்து தொடங்குங்கள். உங்கள் சங்கத்தில் சேருகிறவனுக்கு என்ன இல்லை? வீடா, கப்பல் காசா, பிணம் தூக்க ஆளா? முதல் விதி அதற்குப் பதிலாக இருக்கட்டும். மிரட்டல் பின்னால் வரட்டும். சரக்குச் சுமக்கும் கூலியாள் பேசுகிற மொழியில் விதிகளை எழுதுங்கள். நிஜ சத்தியங்களில் தத்துவம் கிடையாது, வழிச்செலவு, சூதாட்டம், ஒளித்துவைத்த பணம், ஒப்படைத்துவிட்டுப் போன மனைவி என்று அன்றாட விஷயங்கள்தான் நிறைந்திருக்கும். பதினேழாவது சத்தியம் மாதிரி ஒன்றாவது வையுங்கள், படிப்பவர் தலையாட்டிக்கொண்டே வந்து சட்டென்று நிற்கிற மாதிரி ஒரு விதி. வெளியாள் ஒருவரையும் கதைக்குள் கொண்டுவாருங்கள், மாமூல் கொடுக்கும் கடைக்காரர் போல. அவர் கண்ணில் அந்த விதிகள் எப்படித் தெரியும் என்று எழுதினால்தான் கதை முழுமையாகும்.

பெயர்களைக் கவனமாக வையுங்கள். இப்போதும் இயங்கும் சங்கத்தின் பெயரைக் கற்பனைக்குச் சூட்ட வேண்டாம். வட்டார மொழியும் முக்கியம். பினாங்கில் நடந்தால் ஹொக்கியன், ஹாங்காங்கில் நடந்தால் கேண்டனீஸ். ஒரே ஆளை ஒரு பக்கத்தில் தைக்கோ என்றும் அடுத்த பக்கத்தில் தாய் லோ என்றும் கூப்பிட்டால் விவரம் தெரிந்தவர்கள் புத்தகத்தை மூடிவிடுவார்கள்.

இன்னொன்று. சத்தியம் எழுதிய தாளைச் சடங்கிலேயே எரித்துவிடுகிறார்கள் என்று சொன்னேன். அதனால் பெரும்பாலான உறுப்பினர்களின் கையில் பிரதி இருக்காது. நள்ளிரவில், பயத்தோடு, ஒரே ஒரு தடவை காதால் கேட்டதுதான். முப்பத்தாறையும் யாரால் நினைவில் வைத்திருக்க முடியும்? உங்கள் கதையில் ஒருவன் ஒரு சத்தியத்தைத் தப்பாக நினைவு வைத்திருக்கட்டும். "செத்தவன் குடும்பத்துக்குச் சோறு போடணும்னுதானே சொன்னாங்க?" என்று அவன் கேட்கட்டும், கூட இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கட்டும்.